காவலன் கண்ணில் படாத கள்வன்: நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஏன் சில வேளைகளில் ஏமாறுகிறது?



2009ஆம் ஆண்டின் இறுதியில், பள்ளி ஆண்டு மலருக்காக ஆறாம் ஆண்டு மாணவர்கள் தட்டச்சு செய்த கட்டுரைகளை எல்லாம் ஒரே பென்டிரைவில் சேர்த்து வைத்திருந்தேன். அதைப் பள்ளிக் கணினி அறையில் செருகினேன், அச்சகத்தில் செருகினேன், சக ஆசிரியர்கள் மூவரின் மடிக்கணினிகளிலும் செருகினேன். மகளுக்குப் பயிற்சித் தாள்கள் கேட்டு வந்த ஒரு தந்தையிடமும் அதையே கொடுத்து, வீட்டில் படியெடுத்துக்கொண்டு மறுநாள் தாருங்கள் என்றேன். சில நாள்களில் கோப்புறைகள் மறைந்தன. அவை இருந்த இடத்தில் கோப்புறைச் சின்னத்தைப் போர்த்திக்கொண்டு வேறு ஏதோ நிரல்கள் உட்கார்ந்திருந்தன. கணினி அறையில் இருந்த நச்சுநிரல் தடுப்பு மென்பொருளோ, எல்லாம் நலம் என்று பச்சை நிறத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் தந்தை தவணை முறையில் மகளுக்குக் கணினி வாங்கியவர். அவருடைய கணினியும் கெட்டது. பள்ளிக்கு வந்து, கோபம் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலுடன் கேட்டார்: “டீச்சர், காசு கொடுத்துதானே ஆன்டிவைரஸ் போட்டேன். அப்புறம் எப்படி உள்ளே வந்துச்சு?”

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அதே ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், “ஆன்டிவைரஸ் போட்டுவிட்டால் அச்சமில்லை” என்று ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பேசியவள் நான்தான். அவர் அந்தச் சொல்லை நம்பியவர். நோயைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் என் பென்டிரைவ்தான். அதன் பிறகு இந்தப் பொருளைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலே இந்தக் கட்டுரை. சற்று நீளம், பொறுத்தருள்க.

தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நிரல் என்பது கணினிக்கு மிகப் பழைய எண்ணம். 1971இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் பாப் தாமஸ் என்பவர் ‘கிரீப்பர்’ என்ற நிரலைச் சோதனைக்காக உலவவிட்டார். அதைத் துரத்திப் பிடித்து அழிக்க ‘ரீப்பர்’ என்ற நிரலும் வந்தது. அதைச் செய்தவர் மின்னஞ்சலுக்கு @ குறியைத் தேர்ந்தெடுத்த அதே ரே டாம்லின்சன். 1982இல் ரிச் ஸ்கிரெண்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவர் ஆப்பிள் II கணினிக்காக ‘எல்க் குளோனர்’ என்பதை எழுதினார். அது நெகிழ்வட்டுகளின் வழியே நண்பர்களின் கணினிகளுக்குப் பரவியது. இவற்றை விளையாட்டு என்று விட்டுவிடலாம்.

விளையாட்டு அல்லாதது 1983ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கியது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் பிரெட் கோஹன், கணினிப் பாதுகாப்பு பற்றிய வாராந்திரக் கருத்தரங்கில் தம் எண்ணம் ஒன்றை முன்வைத்தார். பிற நிரல்களுக்குள் தன் படியைப் புகுத்தி, அவற்றின் வழியே பரவும் ஒரு நிரல். அதற்கு ‘வைரஸ்’ என்று பெயர் சூட்டியவர் அவருடைய ஆசிரியர் லென் ஏடல்மன். எட்டு மணி நேர உழைப்பில் நிரலை எழுதி முடித்தார் கோஹன். கோப்புகளின் அமைப்பைப் படமாகக் காட்டும் பயனுள்ள ஒரு நிரலுக்குள் அதை வைத்து, பல்கலைக்கழகக் கணினியைப் பயன்படுத்துவோருக்கு அறிமுகப்படுத்தினார். முன்னனுமதியோடு ஐந்து முறை சோதித்தார். ஐந்து முறையும் ஒரு மணி நேரத்திற்குள் கணினியின் முழு அதிகாரமும் நச்சுநிரலின் கைக்கு வந்துவிட்டது. ஒருமுறை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சோதனையின் முடிவைக் கண்ட கணினி நிர்வாகிகள், மேற்கொண்டு சோதனை செய்யக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்! ஓட்டையை அடைப்பதற்குப் பதிலாக ஓட்டையைக் காட்டியவரைத் தடுப்பது எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவான பழக்கம் போலும்.

இந்தச் சோதனையைவிட, கோஹன் 1984இல் வெளியிட்ட ஆய்வுரையில் இருந்த ஒரு நிறுவலே நமக்கு முதன்மையானது. நச்சுநிரல் எது, நல்ல நிரல் எது என்று ஒருபோதும் தவறாமல் தீர்ப்புச் சொல்லும் நிரலை எவராலும் எழுத முடியாது என்று அவர் காட்டினார். ‘இன்னும் முடியவில்லை’ என்பதன்று. ‘முடியவே முடியாது’ என்பது.

அந்த நிறுவலை வகுப்பறை உவமையால் விளக்கிப் பார்க்கிறேன். ஒவ்வொரு மாணவனும் இன்று குறும்பு செய்வானா மாட்டானா என்று காலையிலேயே பிழையின்றிக் கணிக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். வகுப்பில் ஒரு முரண்டுக்காரப் பையன். ஆசிரியரின் கணிப்பை முதலில் கேட்டறிவான். ‘செய்வான்’ என்று அவர் சொல்லியிருந்தால் கைகட்டி அமைதியாக இருப்பான். ‘செய்ய மாட்டான்’ என்று சொல்லியிருந்தால் மேசையைக் கவிழ்ப்பான். ஆசிரியர் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும். கோஹன் காட்டிய நச்சுநிரலும் அப்படிப்பட்டதே. தடுப்பு மென்பொருளைத் தன்மீதே ஏவிப் பார்க்கும். ‘நச்சுநிரல்’ என்று தீர்ப்பு வந்தால் பரவாது. ‘நல்லது’ என்று வந்தால் பரவும். ஒரு நிரல் என்றாவது ஓடி நிற்குமா, நிற்காமலே ஓடுமா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாகக் கண்டறியும் வழியில்லை என்று ஆலன் டூரிங் 1936இலேயே காட்டியிருந்தார். கோஹனின் நிறுவல் அதன் நெருங்கிய உறவு.

ஆக, உலகின் முதல் தடுப்பு மென்பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே, முழுமையான தடுப்பு மென்பொருள் என்று ஒன்று இருக்க முடியாது என்பது எழுத்தில் பதிவாகிவிட்டது. கூட்டத்தில் நான் பேசியபோது அந்த ஆய்வுரைக்கு வயது 25.

ஆனால், கோட்பாட்டில் முடியாதது நடைமுறையில் ஓரளவு முடியும். 1986இல் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து ‘பிரெயின்’ என்ற நச்சுநிரல் வந்தது. ஐபிஎம் வகைத் தனியாள் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரல் இதுவே. எழுதியவர்கள் பாசித், அம்ஜத் என்ற அல்வி சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் படியெடுப்போரைப் பிடிக்கவே இதைச் செய்ததாகச் சொன்னார்கள். நச்சுநிரலுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். 2011இல் பின்லாந்து ஆய்வாளர் மிக்கோ ஹிப்பனன் அந்த முகவரிக்கே நேரில் போய்க் கதவைத் தட்ட, அச்சகோதரர்களே வந்து வரவேற்றார்களாம். கள்வன் முகவரி வைத்துவிட்டுப் போன காலம் அது.

வேடிக்கை ஒருபுறம் இருக்க, பிரெயின் செய்த தந்திரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கணினி விழித்தவுடன் நெகிழ்வட்டின் முதல் பகுதியைத்தான் படிக்கும். பிரெயின் அந்த முதல் பகுதியில் தான் குடியேறியது. அங்கே முன்பிருந்த உண்மையான பகுதியை வட்டின் வேறோர் இடத்தில் வைத்து, அந்த இடம் பழுதானது என்று குறித்துவிட்டது. பிறகு நினைவகத்தில் அமர்ந்துகொண்டு, வட்டைப் படிக்கக் கோரும் ஒவ்வொரு கட்டளையையும் இடைமறித்தது. யாராவது ‘முதல் பகுதியைக் காட்டு’ என்று கேட்டால், ஒளித்து வைத்திருந்த பழைய உண்மைப் பகுதியை எடுத்துக் காட்டியது! பார்ப்பவர் கண்ணுக்கு வட்டு பழுதற்றதாகவே தெரியும்.

தடுப்பு மென்பொருள் தோற்பதற்கான காரணங்களுள் இதை முதன்மையானதாக நான் கருதுகிறேன். காவலனுக்குத் தனிக் கண் கிடையாது. கணினி காட்டுவதைத்தான் அவன் பார்க்கிறான். கணினியே கள்வன் கைக்குப் போய்விட்டால், கள்வன் காட்டுவதைத்தான் பார்ப்பான். இதற்கு அன்று கண்ட வைத்தியம், எழுத முடியாதபடி பூட்டிய நல்ல நெகிழ்வட்டு ஒன்றைக் கொண்டு கணினியை எழுப்பி, அதன் பிறகு சோதிப்பது. நெகிழ்வட்டின் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடிய பழக்கம் மூத்த ஆசிரியர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.

1987வாக்கில் தடுப்பு மென்பொருள்கள் தொழிலாகவே தோன்றின. அமெரிக்காவில் ஜான் மெக்காபி நிறுவனம் தொடங்கினார். ஐரோப்பாவிலும் சிலர் தொடங்கினர். அவர்கள் கைக்கொண்ட முறை எளியது. பிடிபட்ட நச்சுநிரலிலிருந்து, வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு துணுக்கை எடுத்து அடையாளமாகப் பட்டியலில் சேர்ப்பார்கள். கணினியிலுள்ள ஒவ்வொரு கோப்பிலும் அந்தத் துணுக்கு இருக்கிறதா என்று மென்பொருள் தேடும். காவல் நிலையச் சுவரில் பழைய கள்வர்களின் படங்களை ஒட்டி வைத்திருப்பதைப் போன்றது இது. இந்த முறையில் முதற்களவு செய்பவனைப் பிடிக்கவே இயலாது. யாரோ ஒருவருக்குக் கேடு நேர்ந்து, அந்த மாதிரி நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்த பின்னரே மற்றவர்களுக்குக் காப்பு.

படத்தை வைத்துப் பிடிக்கிறார்கள் என்றால் முகத்தை மாற்றிக்கொள்வதுதானே அடுத்த அடி? எழுத்துகள் திரையிலிருந்து உதிர்ந்து விழுமாறு செய்த ‘கேஸ்கேட்’ என்ற நச்சுநிரல், தன் உடலை மறையாக்கம் செய்து, கோப்புக்குக் கோப்பு வேறு தோற்றத்தில் இருந்தது. ஆனால், அந்த மறையைப் பிரிக்கும் சிறுபகுதி மட்டும் மாறாமல் இருந்ததால் அதையே அடையாளமாகக் கொண்டு பிடித்தார்கள். 1990இல் மார்க் வாஷ்பர்ன் என்பவர் எழுதிய ‘1260’ அந்தச் சிறுபகுதியையும் மாற்றிக்கொண்டது. பயனற்ற கட்டளைகளை இடையிடையே செருகி, ஒவ்வொரு முறையும் வேறு வடிவம் எடுத்தது. 1992இல் பல்கேரியாவிலிருந்து, ‘டார்க் அவெஞ்சர்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவர், எந்த நச்சுநிரலோடும் இணைத்து அதை உருமாறச் செய்யும் கருவி ஒன்றையே வெளியிட்டார். இனி முகம் மாற்றத் தனித்திறன் தேவையில்லை. வேடம் கடையில் கிடைத்தது.

நிறுவனங்கள் சளைக்கவில்லை. ஐயத்திற்குரிய நிரலை ஒரு பொய்யான கணினிக்குள் ஓடவிட்டு, அது தன் வேடத்தைத் தானே களையும்வரை காத்திருந்து, உள்ளிருக்கும் உண்மை உடலைப் பார்க்கும் முறையைக் கண்டார்கள். மிக நுட்பமான வழி! ஆனால், எவ்வளவு நேரம் காத்திருப்பது? ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சோதிக்கும் மென்பொருளால் ஒவ்வொன்றுக்கும் நீண்ட நேரம் ஒதுக்க முடியாது. கணினி மெதுவாகிறது என்று நாமே முதலில் அதை நீக்கிவிடுவோம். இதை நன்கு அறிந்த நச்சுநிரல் எழுத்தாளர்கள், முதலில் வெறுமனே கணக்குப் போட்டுக்கொண்டு நேரம் கடத்துமாறும், தான் இருப்பது பொய்க் கணினி என்று தெரிந்தால் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளுமாறும் எழுதினார்கள். கோஹனின் முரண்டுக்காரப் பையன் நேரிலேயே வந்துவிட்டான்!

அதே டார்க் அவெஞ்சர் 1989இல் எழுதிய நச்சுநிரலைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பொதுவாக நச்சுநிரல்கள், நாம் ஒரு நிரலை இயக்கும்போது அதைத் தொற்றும். இதுவோ ஒரு நிரல்கோப்பைத் திறந்து படித்தாலே தொற்றியது. தடுப்பு மென்பொருளின் வேலை என்ன? கணினியிலுள்ள கோப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பது. ஆகவே நினைவகத்தில் இந்த நச்சுநிரல் இருப்பதை அறியாத மென்பொருள் ஒன்று சோதனையைத் தொடங்கினால், அது தொட்ட ஒவ்வொரு நிரலும் நோயுற்றது. கண்டுபிடிக்காமல் போனது ஒரு குறை என்றால், கண்டுபிடிக்கப் போனவனே பரப்பியது எப்பேர்ப்பட்ட கொடுமை! போதாக்குறைக்கு இந்த நச்சுநிரல் வட்டின் ஏதோ ஒரு பகுதியை அவ்வப்போது ஓசையின்றி அழித்துக்கொண்டே இருக்கும். தெரியவரும்போது, காப்புக்காக எடுத்து வைத்த படிகளும் அழிவுற்றவையாக இருக்கும்.

1998இல் தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் எழுதிய ‘சிஐஎச்’ வேறொரு தந்திரம் செய்தது. நோயுற்ற கோப்பின் அளவு பெருத்திருக்கும் என்பது அதுவரை நல்ல அறிகுறி. சிஐஎச், விண்டோஸ் நிரல்கோப்புகளுக்குள் இயல்பாகவே இருக்கும் வெற்றிடங்களில் தன்னைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டது. கோப்பு ஒரு எழுத்தளவும் பெருக்கவில்லை. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் அது வெடித்தபோது, ஆசிய நாடுகள் பலவற்றில் வன்தட்டுகள் அழிந்தன. சில கணினிகளில் தாய்ப்பலகையின் அடிப்படை நிரலே அழிந்து, கணினி எழவே மறுத்தது. தடுப்பு மென்பொருள் நிறுவனங்கள் அளவுக்கு மீறித் தம்பட்டம் அடித்ததால் அதைப் பொய்யாக்கவே எழுதினேன் என்றார் சென். விளம்பரத்தை நம்பியவர்கள்தாம் அதற்கு விலை கொடுத்தார்கள்.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மணிலாவிலிருந்து ‘ஐ லவ் யூ’ புறப்பட்டது. எழுதியவர் ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவர். தாமே எழுதியதாக 2020இல் ஒப்புக்கொண்டார். அதில் மறைப்புத் தந்திரம் ஏதும் பெரிதாக இல்லை. படிக்கக்கூடிய எழுத்தில் இருந்த ஒரு சிறு நிரல், காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலோடு வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் தன்னை அனுப்பியது. காவல் நிலையத்தில் படம் ஒட்டுவதற்கு முன்பே கள்வன் உலகைச் சுற்றி வந்துவிட்டான். படம் ஒட்டிய பிறகும் சிக்கல்தான். எழுத்து வெளிப்படையாக இருந்ததால் யார் வேண்டுமானாலும் இரண்டு வரியை மாற்றிப் புதிய ஒன்றை அனுப்ப முடிந்தது. 2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் வந்த ‘ஸ்லாமர்’ புழு இதைவிட விரைவு. வெறும் 376 பைட்டுகள். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. பத்தே நிமிடங்களில், தாக்கத்தக்க நிலையில் இருந்த வழங்கிகளில் பெரும்பாலானவற்றை அடைந்துவிட்டது. கோப்பு எதையும் அது வட்டில் எழுதவேயில்லை. நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. கோப்புகளைச் சோதிக்கும் காவலனுக்கு அங்கே சோதிக்க ஒன்றுமே இல்லை. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது என்பது தனி வருத்தம்.

இதுவரை சொன்னவை எல்லாம் பார்வைக் குறைபாடுகள். 2005இல் நடந்தது அப்படியன்று. சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில இசைக் குறுந்தட்டுகளைக் கணினியில் போட்டால், படியெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று உள்ளே புகுந்து, தன்னைக் கண்ணில் படாமல் ஒளித்துக்கொண்டது. மார்க் ருசினோவிச் என்ற கணினி அறிஞர் தற்செயலாகக் கண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளியிட்டார். அதுவரை எந்தத் தடுப்பு மென்பொருளும் வாய் திறக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட முன்னொட்டுடன் தொடங்கும் எந்தக் கோப்பையும் அது மறைத்ததால், சில நாள்களிலேயே உண்மையான நச்சுநிரல்களும் அதே போர்வைக்குள் புகுந்தன. புகழ்பெற்ற நிறுவனம் செய்தால் அது களவா, வணிகமா? இந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்; அவர்களும் தயங்குவார்கள்.

தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நல்லவனைக் கள்வன் என்று பிடித்துவிட்டால் என்ன ஆகும்? 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மெக்காபி அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத ஒரு கோப்பையே நச்சுநிரல் என்று கருதியது. உலகெங்கும் அலுவலகக் கணினிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்து செயலிழந்தன. ஐயம் வந்தால் எல்லாவற்றையும் பிடி என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட முடியாததற்கு இதுதான் காரணம். பிடிக்கும் வலையின் கண்ணைச் சிறிதாக்கினால் நல்ல மீனும் சிக்கும். பெரிதாக்கினால் கெட்டது நழுவும். எங்கே நிறுத்துவது என்பது ஒவ்வொரு நிறுவனமும் எடுக்கும் முடிவு. வாங்கும் நமக்கு அதைப் பெட்டியின்மேல் எழுதிக் காட்டுவதில்லை.

2010 ஜூனில் பெலாரஸ் நாட்டின் சிறு நிறுவனமான வைரஸ்பிளோக்கடா ஒரு புழுவைக் கண்டது. ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் எந்திரங்களைக் கெடுக்க உருவாக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ அது. குறைந்தது ஓராண்டாகவே உலவிக்கொண்டிருந்தது. ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய தைவான் நிறுவனங்களின் மின்னியல் கையொப்பத்தைத் திருடித் தன்மேல் குத்தியிருந்தது. முத்திரையுள்ள கடிதத்தைக் காவலன் பிரித்துப் பார்ப்பானா? 2012 மே மாதம் ‘பிளேம்’ வெளிப்பட்டது. முழுதாக 20 மெகாபைட் அளவு, யானை போன்றது. அவ்வளவு பெரியதாக இருந்ததே அதற்கு மறைப்பு. ஏதோ அலுவலக மென்பொருள் போலத் தோன்றியது. முன்பு சொன்ன மிக்கோ ஹிப்பனன் அப்போது வெளிப்படையாக எழுதினார்: பிளேமின் மாதிரிகள் 2010 முதலே தம் நிறுவனத்தின் சேமிப்பில் இருந்தன, தானியங்கி முறைகள் அவற்றை ஆராயத்தக்கவை என்று எடுத்துக்காட்டவில்லை, இது தம் துறையின் தோல்வி. கள்வன் பிடிபட்டுக் காவல் நிலையத்திலேயே இரண்டாண்டு உட்கார்ந்திருந்தான், எவருக்கும் தெரியவில்லை. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிக நேர்மையான எழுத்து அது.

பெற்றோர் பலர், தடுப்பு மென்பொருள் வாங்கினால் நச்சுநிரல் எழுதுபவனுக்கு அது இடையூறு என்று எண்ணுகிறார்கள். அவனும் அதே மென்பொருளைக் கடையில் வாங்குகிறான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தன் படைப்பை எல்லாத் தடுப்பு மென்பொருள்களிலும் ஓட்டிப் பார்த்து, எதுவும் கத்தாத வரையில் திருத்திக்கொண்டே இருப்பான். பிறகே வெளியில் விடுவான். 2004இல் தோன்றிய ‘வைரஸ்டோட்டல்’ என்ற இணையச் சேவையில் ஒரு கோப்பைப் பல தடுப்பு மென்பொருள்களில் ஒருசேரச் சோதிக்கலாம். ஆனால் அது மாதிரிகளை நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளும். அதனால் கள்வர்களுக்கென்றே, பகிராமல் சோதித்துத் தரும் ‘ஸ்கேன்4யூ’ என்ற சேவை கட்டணத்திற்கு நடந்தது. நடத்தியவருக்கு 2018இல் அமெரிக்க நீதிமன்றம் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2014இல் யுபிஎஸ்ஆர் அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்து பிள்ளைகள் மறுதேர்வு எழுதியது நமக்கு நினைவிருக்கும். வினாத்தாளை முன்பே கண்டவன் எழுதும் தேர்வில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு என்ன பொருள்?

நம் அண்டையிலும் நடந்தது. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்திலிருந்து 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களுள் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் போயின; அன்றைய பிரதமர் லீ சியென் லூங்கின் விவரங்கள் தனியே குறிவைத்துத் தேடப்பட்டன. 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கையின்படி, கள்வர்கள் 2017 ஆகஸ்டு மாதமே உள்ளே வந்துவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கருவிகள் அந்த இலக்குக்கென்றே செய்யப்பட்டவை. தடுப்பு மென்பொருளின் கண்ணில் படவில்லை. 2018 ஜூலை 4ஆம் நாள், தரவுத்தளத்தில் வழக்கத்திற்கு மாறான கேள்விகள் ஓடுவதைக் கவனித்து நிறுத்தியவர் பணியில் இருந்த ஓர் ஊழியர்.

இன்றைய மென்பொருள்கள் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. நடத்தையையும் பார்க்கின்றன, இணையத்தின் வழியே தம் தலைமையகத்தையும் நொடிக்கு நொடி கேட்டுக்கொள்கின்றன. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், தடுப்பு மென்பொருள் விண்டோஸ் உடனேயே வருகிறது. பழைய நச்சுநிரல்களைப் பெருமளவு அவை நிறுத்துகின்றன. அவற்றை நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பூட்டு உடைபடும் என்பதற்காக வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார் உண்டோ?

இனி 2009க்கு வருவோம். அன்றைய விண்டோஸில் பென்டிரைவைச் செருகியதும், அதிலிருக்கும் ஒரு குறிப்புக்கோப்பைப் பார்த்து நிரலைத் தானாகவே தொடங்கும் வசதி இருந்தது. புழுக்கள் அதன்மேல் ஏறிச் சவாரி செய்தன. 2008 நவம்பரில் தோன்றிய ‘கான்பிக்கர்’ போன்றவை, தடுப்பு மென்பொருள் நிறுவனங்களின் இணையத்தளங்களுக்குப் போகும் வழியையே அடைத்து, புதுப்பிப்பு வரவிடாமல் செய்தன. எங்கள் கணினி அறையில் புழு அந்தச் சிரமத்தையும் படவில்லை. அங்கே இணைய இணைப்பு பெரும்பாலும் கிடையாது. மென்பொருளின் பட்டியல் எட்டு மாதம் பழையது. எட்டு மாதத்துக் கள்வர்களின் படங்கள் சுவரில் இல்லை. பச்சை நிறம் சொன்னது, ‘என்னிடம் உள்ள படங்களில் இவன் இல்லை’ என்பதை மட்டுமே. ‘இவன் நல்லவன்’ என்று அது சொல்லவில்லை. நான்தான் அப்படிப் படித்தேன். பென்டிரைவ் தானாக ஓடும் அந்த வசதியை விண்டோஸ் 7 கைவிட்டது. பழைய விண்டோஸ்களுக்கு விண்டோஸ் அப்டேட் வழியே 2011 பிப்ரவரியில்தான் திருத்தம் வந்தது.

அந்தத் தந்தையின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை நானும் கணினி தெரிந்த சக ஆசிரியர் ஒருவரும் போனோம். பயிற்சித் தாள்களை இம்முறை குறுந்தட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒருமுறை எழுதிய குறுந்தட்டில் புழு எதையும் எழுத முடியாது. ஆசிரியர் தம்மிடமிருந்த வேறொரு தட்டைப் போட்டுக் கணினியை அதிலிருந்து எழுப்பினார். பிரெயினுக்குச் செய்த அதே வைத்தியம். பிறகு கட்டளைத் திரையில் ஒரே ஒரு வரியைத் தட்டினார். மகளின் கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றின. ஒன்றுகூட அழியவில்லை, புழு அவற்றுக்கு ‘மறைவு’ என்ற குறியை மட்டும் இட்டிருந்தது. என் பென்டிரைவிலும் அப்படியே. ஆண்டு மலர் அடுத்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. அந்தப் பெண் தன் பாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரை பதினோராம் பக்கத்தில் இருந்தது.